அரை டாக்டரின் வெள்ளை மாத்திரை

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, வங்கிக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கிற மருந்துக்கடையின் சொந்தக்காரருக்கு அக்கம்பக்கத்தில் வைத்த பெயர் ‘அரை டாக்டர்’. வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவரோ அதைப் பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டார். “மீதி அரை எங்கே?” என்று யாராவது வம்புக்கு இழுத்தால், “அது ஆஸ்பத்திரில உக்காந்து சீட்டு எழுதுது. குணப்படுத்துற அரை இங்க இருக்கு” என்பார். கேட்டவர் சிரித்துவிட்டு, தன் இருமலுக்கு என்ன தரலாம் என்று அவரிடமே கேட்பார். அங்கேதான் மனிதருக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

நல்ல மனிதர்தான், அதில் சந்தேகம் இல்லை. கோழி கிளறியது போன்ற கையெழுத்தை ஒரே பார்வையில் படித்துவிடுவார். காது கேளாத கிழவருக்கு மாத்திரை உறையின் மேல் சூரியனும் நிலாவும் படம் போட்டுக் கொடுப்பார். முப்பது வருடமாக அந்தக் கல்லாவுக்குப் பின்னால் நின்றதில் அவருக்கு ஒரே ஒரு கோளாறுதான் வந்திருந்தது. யாராவது வலி என்று சொன்னால் போதும், சும்மா இருக்க முடியாது. எதையாவது எடுத்துக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் கை துறுதுறுக்கும். இந்தக் கோளாறுக்கு அவர் கடையில் மருந்து கிடையாது.

அவருடைய மனைவி, காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுச் சொல்லிக் கொடுக்கிற பள்ளியில் ஆசிரியை. வீட்டிலும் அவர் அவளை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார். அவளுக்கு மேல்வரிசைப் பற்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு முன்னால் நீட்டியிருக்கும். கீழ்வரிசைப் பற்கள் மேலே போய் அண்ணத்து ஈறில் குத்தும். அந்த இடத்தில் புண் வராத மாதமே கிடையாது. ஆப்பிளை முன்பல்லால் கடித்ததாக அவளுக்கு நினைவே இல்லை, கத்தியால் நறுக்கிக் கடைவாயில் ஒதுக்கித்தான் தின்பாள். சிரித்தால் கை தானாகப் போய் வாயை மறைக்கும். இத்தனைக்கும் சிரிக்கத் தெரிந்தவள்.

அரை டாக்டர் இருக்கிறாரே, அவருக்கு நாலு பேர் கூடிவிட்டால் நாக்கு நிற்காது. “எங்க வீட்டம்மா வர்றாங்கன்னு எப்படித் தெரியும் தெரியுமா? முதல்ல பல்லு வரும், அப்புறம் அவங்க வருவாங்க.” மச்சான் வீட்டு விசேஷத்தில் சொல்வார், கடையில் சொல்வார், அவள் பள்ளி ஆண்டு விழாவில் தலைமையாசிரியையிடமே ஒரு தடவை சொன்னார். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவள் சிரிக்கிறாளே என்ற தைரியத்தில் அவர் அடுத்த இடத்திலும் அதையே எடுத்து விடுவார்.

இப்படி இருக்கும்போது, ஒருநாள் காலையில் துணி மடித்துக்கொண்டே அவள் சொன்னாள்.

“ஏங்க, நான் பல்லுக்குக் கம்பி போடப் போறேன்.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

“இந்த வயசுலயா?” என்றார். கேட்ட பிறகுதான் அது கேட்கிற கேள்வி இல்லை என்று உறைத்தது. அவளுக்கு நாற்பத்தாறு.

அவள் பதறவில்லை. எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுத்தான் பேச்சை எடுத்திருந்தாள். பல் டாக்டரை இரண்டு தடவை தனியாகவே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். சின்னப் பிள்ளைகளுக்கு எலும்பு இளசு, கம்பி இழுத்த இழுப்புக்குப் பல் வரும். பெரியவர்களுக்கு எலும்பு இறுகிப்போயிருக்கும், வருடக்கணக்கில் இழுபடும். அதைச் சுருக்க ஒரு வழி இருக்கிறதாம். ஈறைச் சின்னதாகக் கீறி, பல் வேர்களுக்கு நடுவே எலும்பின் மேல்தோட்டில் மெல்லிய கோடுகளாக வெட்டிவிடுவார்கள். வெட்டுப்பட்ட எலும்பு ஆறுவதற்காகப் பரபரவென்று வேலை செய்யும், கொஞ்ச காலத்துக்கு இளகிக் கிடக்கும். அந்தச் சமயம் பார்த்துக் கம்பியை முடுக்கி இழுத்தால் பல் சீக்கிரம் நகரும். சில மாதம் போனால் எலும்பு பழையபடி இறுகிவிடும்.

“அதுக்குள்ள இழுத்துடணும். அவ்வளவுதான் விஷயம்” என்றாள், வேட்டி முழுசாகக் காய்வதற்குள் இஸ்திரி போட வேண்டும் என்பதைப் போல.

“எதுக்கு அவ்வளவு அவசரம்? மெதுவா பண்ணிக்கலாமே. எலும்பையெல்லாம் போய் வெட்டிக்கிட்டு...”

“அடுத்த அரையாண்டுல புதுப் பிள்ளைங்க வருது. ஒரு வார்த்தைகூடத் தெரியாம வர்றதுங்க. என் உதட்டைப் பாத்துத்தான் கத்துக்கணும். வாய் நிறைய கம்பியை வெச்சுக்கிட்டு, உதட்டை மூட முடியாம அதுங்க முன்னாடி நிக்க மாட்டேன். லீவுக்கு எழுதிக் கொடுத்துட்டேன். லீவு முடியறதுக்குள்ள முன்வரிசை சரியாயிடும்னு டாக்டர் சொல்றாங்க.”

அரை டாக்டருக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. முதல்ல பல்லு வரும், அப்புறம் அவங்க வருவாங்க. தன் குரலிலேயே, தன் சிரிப்போடு அது அவர் காதில் ஓடியது. கட்டின புருஷன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தால் ஒரு பெண் எவ்வளவு காலம்தான் பொறுப்பாள்? கடைசியில் எலும்பை வெட்டிக்கொள்ளக் கிளம்பிவிட்டாள். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்கு வாய் வரவில்லை. கேலிக்கு மட்டும் வருகிற வாய் அது.

பல் டாக்டர் சின்ன உருவமாக, வேகமாகப் பேசுகிற பெண். மேசைமேல் பிளாஸ்டிக் தாடை ஒன்றை வைத்துத் திறந்து மூடிக் காட்டிக்கொண்டே எல்லாவற்றையும் விளக்கினாள். இது எல்லாருக்கும் ஒரே மாதிரி பலன் கொடுக்காது, சிலருக்கு நல்ல வேகம் கிடைக்கும், சிலருக்குச் சுமாராகத்தான் கிடைக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். பிறகு மாத்திரைக்கு வந்தாள்.

“வலி இருக்கும். கம்பியை முடுக்குற ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூணு நாள் இருக்கும். பாராசிட்டமால் மட்டும் போடலாம். வீக்கத்தை அடக்குற வலி மாத்திரை எதுவும் கூடவே கூடாது. இங்க வீக்கம்தான் வேலைக்காரன். அவனை வீட்டுக்கு அனுப்பிட்டீங்கன்னா வேலை நின்னுபோயிடும்.” அவர் பக்கம் திரும்பிச் சிரித்தாள். “சார் மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கீங்க. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.”

“தெரியும், தெரியும்” என்று பெரிதாகத் தலையை ஆட்டினார் அரை டாக்டர். தெரியாது. வீக்கத்தை அடக்கும் மாத்திரை வயிற்றைக் கெடுக்கும் என்பது தெரியும். யாருக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதும் தெரியும். பல் நகர்வதை மந்தமாக்கும் என்பது அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் காதில் விழுந்தது. கேட்டதை நம்பவும் இல்லை. நேற்று வந்த பெண், புத்தகத்தில் படித்ததைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

அறுவை நடந்த அன்று வெளி அறையில் அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே இருந்து ஒரு ரீங்காரம் வரும், நிற்கும், மறுபடி வரும். ஒவ்வொரு தடவை அது நிற்கும்போதும் ஒரு கோடு முடிந்தது என்று அவருக்குத் தோன்றும். கைப்பையின் வாரைத் திருகித் திருகி அதன் தையலைப் பிரித்தே விட்டார். வெளியே வந்தபோது அவள் முகம் இரண்டு பக்கமும் புடைத்து, யாரோ மாதிரி இருந்தாள். அவரைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள்.

மரத்துப்போனது தெளிந்த பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. அவள் அழுது ஆர்ப்பாட்டம் செய்கிற ரகம் இல்லை. ஜன்னலோர நாற்காலியில் பனிக்கட்டிப் பையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பாள். கண்ணில் மட்டும் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். அவள் அலறியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். மசித்த உருளைக்கிழங்கைக் கரண்டியால் எடுத்து வாய்க்குள் விட்டுவிட்டு, விழுங்கும்போது கண்ணை மூடுவாள் பாருங்கள், அதைப் பார்க்க முடியாமல் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். என் வாய் பண்ணின வேலைக்கு அவள் வாய் அனுபவிக்கிறது என்று குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அங்கே நிற்பார்.

பாராசிட்டமால் கொடுத்தார். அடுத்த வேளையும் கொடுத்தார். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. முப்பது வருட அனுபவம் உள்ளே இருந்து பேச ஆரம்பித்தது. காய்ச்சலுக்கு இது சரி, எலும்பை வெட்டினதற்கு இது எந்த மூலைக்கு? கடைக்குப் போனார். எந்தத் தட்டில் எது இருக்கும் என்று அவர் கைக்குத் தெரியும். அதே அளவு, அதே வெள்ளை, அதே வட்டம். வீக்கத்தையும் வலியையும் சேர்த்து அடக்குகிற மாத்திரை. வீட்டுக்கு வந்து, உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, தண்ணீரோடு நீட்டினார். அவள் பார்க்கக்கூட இல்லை, வாங்கி விழுங்கினாள். இத்தனை வருடத்தில் அவர் கொடுத்த எந்த மாத்திரையையும் அவள் பார்த்து விழுங்கியது கிடையாது.

அரை மணியில் அவள் தோள் தளர்ந்தது. நெற்றிச் சுருக்கம் போய், நாற்காலியிலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். அரை டாக்டர் எதிரே உட்கார்ந்து அவள் தூங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வருடத்துக்கு அப்புறம் அவளுக்கு ஒரு நல்லது செய்த மாதிரி இருந்தது. சந்தோஷமாகவே இருந்தது, அதை மறைப்பானேன்.

ஒரு தடவையோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஆளா? ஒவ்வொரு தடவை கம்பியை முடுக்கிவிட்டு வரும்போதும் அதே மாத்திரை, அதே தண்ணீர். “நீங்க கொடுக்கிறது நல்லாக் கேக்குதுங்க” என்று அவள் வேறு சொல்வாள். “அந்த டாக்டரம்மா என்னமோ ரொம்ப வலிக்கும்னு பயமுறுத்துனாங்க.” அவர் அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொள்வார். அதற்குள் அவருக்குக் கடையில் புதிய வாசகம் ஒன்றும் அமைந்துவிட்டது. “டாக்டர் சொல்றது பொதுவா சொல்றது. ஆளைப் பாத்துக் கொடுக்கணும்.”

முதலில் பல் டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை, சின்ன அளவுகோலை வாய்க்குள் வைத்துப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினாள். அதற்கும் அடுத்த முறை, பழைய படத்தையும் புதிய படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவளுக்கே அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“இந்நேரத்துக்கு இதைவிட நல்லா நகர்ந்திருக்கணும். ரப்பர் வளையம் ஒழுங்கா மாட்டுறீங்களா?”

“தூங்கும்போதுகூடக் கழட்டுறதில்ல டாக்டர்.”

“மாத்திரை?”

“நீங்க சொன்னதுதான். இவர்தான் எடுத்துத் தர்றார்.”

டாக்டர் அவரைப் பார்த்தாள். சந்தேகப் பார்வை எல்லாம் இல்லை, வழக்கமான கேள்விக்கு வழக்கமான பதிலை எதிர்பார்க்கிற பார்வை. வீக்கம்தான் வேலைக்காரன் என்று அவள் சொன்னது அரை டாக்டர் தலையில் அப்போதுதான் சம்மட்டியாக இறங்கியது. அவர் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். கதவு திறந்தே இருந்தது. ஒரே ஒரு வார்த்தை போதும்.

“ஆமா டாக்டர், பாராசிட்டமால்தான்” என்றார்.

அன்றிலிருந்து நிஜமாகவே பாராசிட்டமால் கொடுத்தார். அவள் தவித்தாள். “என்னமோ தெரியல, இப்பல்லாம் மாத்திரை கேக்கவே மாட்டேங்குது” என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நடந்தாள். முன்பு வலியை எடுத்ததும் அவர்தான், இப்போது திரும்பக் கொடுத்ததும் அவர்தான், அவளுக்கு இரண்டும் தெரியாது. அவர் கடையில் உட்கார்ந்து ஏதேதோ படித்தார், தெரிந்த மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவரிடம் வேறு யாருக்கோ போலக் கேட்டார். அந்தச் சின்னப் பெண் சொன்னது சரி. அவர் படித்துக் கண்டுபிடித்ததெல்லாம் அவளைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பாள்.

அடுத்த தடவை டாக்டர் தெளிவாகவே சொல்லிவிட்டாள். எலும்பு மறுபடி இறுகிவிட்டது. இனிமேல் இரண்டே வழி. கம்பியோடு பொறுமையாக ஒன்றரை வருடமோ அதற்கு மேலோ இருக்கலாம். இல்லாவிட்டால் மறுபடி வெட்ட வேண்டும். “நான் வற்புறுத்த மாட்டேன். உங்க எலும்பு மெதுவா இளகுற வகையோ என்னவோ” என்றாள்.

வீட்டுக்கு வந்து படி ஏறும்போதுதான் அவள் உடைந்தாள். “எனக்கு வயசாயிடுச்சுங்க. என் எலும்புக்குத் தெம்பு இல்ல. இதைப் போய்ப் பெருசா நெனச்சுக்கிட்டு லீவு போட்டு, உங்களையும் அலைய விட்டு...” மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். மேல்வீட்டுக்காரர் இறங்கி வரவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டாள். அரை டாக்டர் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அழாதே, உன் எலும்பில் ஒரு குறையும் இல்லை, குறை என்னிடம் என்று சொல்ல அதைவிட நல்ல இடம் இருக்க முடியாது. “பாத்துக்கலாம் விடு” என்றார்.

அவள் இரண்டாவது வழியைத்தான் எடுத்தாள். பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியையிடம் கெஞ்சினாள். புதுப் பிள்ளைகளை இன்னொரு ஆசிரியை தொடங்கி வைக்கட்டும், நான் நடுவில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள். தலைமையாசிரியை ஒப்புக்கொண்டாள், ஆனால் இந்தத் தடவையும் தள்ளிப்போனால் வகுப்பு அந்த ஆசிரியைக்கே என்றும் சொல்லிவிட்டாள். நடுவில் ஆள் மாற்றினால் அந்தப் பிஞ்சுகளுக்குக் குழப்பம், அதுவும் நியாயம்தானே.

அந்த நாட்களில் அரை டாக்டர் பட்ட பாடு இருக்கிறதே, அதைச் சிரிக்காமல் சொல்வது கஷ்டம், சிரித்துக்கொண்டு சொல்வது பாவம். காலையில் பல் துலக்கும்போது சொல்லிவிடுவது என்று தீர்மானிப்பார். அவள் காபியை நீட்டி, “சரியாத் தூங்கலையா? எனக்காகக் கவலைப்படாதீங்க” என்பாள், தீர்மானம் காபியோடு உள்ளே இறங்கிவிடும். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுவார். “டீச்சர், ஒரு தப்பு நடந்துபோச்சு...” வாசலில் நின்ற பெண்மணி, “எந்த மருந்துல?” என்று பதறிப்போய் நேற்று வாங்கினதைத் திருப்பிக் கொண்டுவந்தாள். யாராவது மூட்டுவலிக்கு மாத்திரை கேட்டால், “டாக்டரைப் பாத்தீங்களா? டாக்டரைக் கேக்காம எதுவும் போடக் கூடாது” என்று எரிந்து விழுந்தார். அரை டாக்டருக்கு என்ன ஆயிற்று என்று வங்கிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

இந்த லட்சணத்தில் அறுவைக்குக் குறித்த நாளும் வந்துவிட்டது.

அவள் சாய்வு நாற்காலியில் படுத்தாயிற்று. கழுத்தைச் சுற்றி நீலத் துணி கட்டியாயிற்று. டாக்டர் மரத்துப்போகிற ஊசியைக் கையில் எடுத்தபோது, வெளியே இருக்க வேண்டிய அரை டாக்டர் கைப்பையோடு உள்ளே வந்து நின்றார்.

“டாக்டர், ஒரு நிமிஷம். அவளோட எலும்பு மேல தப்பு இல்ல.”

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தார். எந்த மாத்திரை, எப்போதிலிருந்து, எத்தனை தடவை முடுக்கிய பிறகு கொடுத்தது, கேட்டபோது பொய் சொன்னது, எல்லாம். மனைவியின் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தாள். கோபப்பட்டிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். “அதுதான் முழுக் காரணம்னு என்னால சொல்ல முடியாது. அதனால இல்லைன்னும் சொல்ல முடியாது. அது இல்லாம என்ன ஆகியிருக்கும்னு இனிமே யாருக்கும் தெரியப்போறதில்ல.” பிறகு நாற்காலியில் இருந்தவளைப் பார்த்து, “இன்னைக்கு வேண்டாம்னா நிறுத்திடலாம். ரெண்டு பேரும் பேசிட்டுச் சொல்லுங்க” என்று உதவிப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

தலைக்கு மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் எழுந்து உட்கார்ந்தாள். நீலத் துணி கழுத்தில் அப்படியே தொங்கியது.

“ஏன்?” என்றாள்.

“உன் வலியைப் பாக்க முடியல. அதுவும் என்னாலதானே இதெல்லாம். என் கிண்டலாலதானே நீ இதுக்கு வந்து படுத்த.”

“கிண்டலா? எந்தக் கிண்டல்?”

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே யோசித்தாள்.

“அதான்... முதல்ல பல்லு வரும்னு...”

“ஓ, அதுவா?” என்றாள். “அதைக் காதுல வாங்கறதை விட்டு எத்தனையோ வருஷம் ஆச்சுங்க. நீங்க அதைச் சொல்றப்ப நான் மறுநாள் வகுப்புக்கு என்ன எடுத்துட்டுப் போறதுன்னு யோசிச்சிட்டிருப்பேன்.” பிறகு சொன்னாள். “என் வகுப்புல ஒரு சின்னப் பொண்ணு. அழகா வரிசைப் பல்லு. சிரிக்கிறப்ப கையால வாயைப் பொத்திக்குது. பேசறப்பவும் பொத்திக்குது. அதுக்கு வாயை மூடிக்கச் சொல்லிக் கொடுத்தது யாரு? நான்தான். அது வேற யார் வாயைப் பாத்து வளருது? அதுக்காகத்தான் வந்தேன். உங்களுக்காக இல்ல.”

அரை டாக்டர் நின்ற இடத்திலேயே குன்றிப்போனார். இத்தனை மாதம் சுமந்த குற்றம் தன்னுடையதே இல்லையாம். இல்லாத குற்றத்துக்குப் பரிகாரமாக அவர் செய்ததுதான் குற்றமாம்.

“வலிக்கும்னு தெரிஞ்சுதான் வந்தேன். அந்த வலி எனக்கு வேணும்னு டாக்டர் சொன்னது உங்க காதுலயும்தான் விழுந்துச்சு” என்றாள். குரல் உயரவே இல்லை. “சரி, மனசு கேக்காம கொடுத்துட்டீங்க. அதை விடுங்க. மாடிப்படியில உக்காந்து என் எலும்பைத் திட்டிக்கிட்டு அழுதேனே. முதுகுல கை வெச்சுக்கிட்டு நின்னுட்டிருந்தீங்களே.”

அவர் கைப்பையின் வாரை மறுபடி திருக ஆரம்பித்தார்.

அவள் கதவுப் பக்கம் பார்த்து, “டாக்டர், வாங்க” என்று கூப்பிட்டாள். “பண்ணிடலாம்.” மறுபடி சாய்ந்து படுத்து, நீலத் துணியைத் தானே சரிசெய்துகொண்டாள்.

முடிந்து வெளியே வந்தபோது முன்பு போலவே முகம் புடைத்திருந்தது. இந்தத் தடவை கட்டை விரலை உயர்த்திக் காட்டவில்லை. டாக்டர் மாத்திரைச் சீட்டை நீட்டினாள். நீட்டிய கை பாதி வழியில் அவரிடமிருந்து விலகி அவளிடம் போனது. டாக்டர் வேண்டுமென்று செய்யவில்லை, அதுவாக நடந்தது. அவள் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

டாக்சியில் ஆளுக்கு ஒரு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார்கள். இரண்டு தெரு தாண்டியதும் அவள் டிரைவரின் இருக்கையைத் தட்டி நிறுத்தும்படி சைகை காட்டினாள். வாந்தி வருகிறதோ என்று அவர் பதறினார். அவள் கதவைத் திறந்து இறங்கி, பனிக்கட்டிப் பையைக் கன்னத்தில் பிடித்துக்கொண்டு, மெதுவாகத் தெருவைக் கடந்தாள். எதிரே ஒரு மருந்துக்கடை. புதுக் கடை, கண்ணாடிக் கதவு, பளிச்சென்ற விளக்கு. கல்லாவில் இருந்த இளைஞன் சீட்டைப் படித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து ஏதோ அன்பாகக் கேட்டான். அவள் தலையசைத்தாள். பேச முடியாது, பாதி வாய் மரத்திருக்கும். அவன் எடுத்துக் கொடுத்த அட்டையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தாள். படித்து முடித்த பிறகுதான் பைக்குள் போட்டாள்.

அவர் கடையில் மருந்து வாங்கிப் பழகிய டிரைவர் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தான். “உங்க மெடிக்கல்ல இல்லாததா சார்?”

அரை டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் அவள் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். மரத்தது தெளியத் தெளியக் கண்ணில் தண்ணீர் வழிய ஆரம்பித்தது. தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்து பார்த்தார், எழுந்து சமையலறைக்கு ஓடவில்லை. கை துறுதுறுத்தது. கடைசியில் பொறுக்க முடியாமல், மேசைமேல் இருந்த அந்த வேற்றுக்கடைப் பையின் பக்கம் கையை நீட்டினார்.

“ஒண்ணு எடுத்துத் தரட்டுமா?”

அவள் பையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். வீங்கிய உதட்டை அசைத்து, தன் பிள்ளைகளுக்குச் சொல்வது போல, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

“தண்ணி மட்டும் கொண்டாங்க.”

அவர் போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.